பென்சிலில் எழுதிய வாக்குமூலம்

போன ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார். நான் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த நேரம்.

"மேடம், நீதி, மனக்காயம், மனநலம்... இந்த மூணு சப்ஜெக்ட்லயும் உங்களுக்குப் பிடிச்ச பத்துப் புத்தகம் பத்தி எழுதுங்களேன்."

"பத்து இல்லையே சார். மூணுதான் இருக்கு."

"சப்ஜெக்டுக்கு மூணா?"

"மொத்தமே மூணு."

வாரா வாரம் பத்தி எழுதுகிறவளிடம் மூன்று புத்தகம்தான் இருக்கிறதா என்று அவருக்குத் தோன்றியிருக்கும். பிறகு, "சரி, அந்த மூணோட பேரையாவது போடுங்க" என்று பெரிய மனதோடு இறங்கி வந்தார்.

அங்கேதான் சிக்கல். நான் இருப்பது அந்தமானில். போர்ட் பிளேர் கரையான்கள் எந்தப் புத்தகத்தையும் முறையாக அட்டையிலிருந்துதான் ஆரம்பிக்கும். (ஊரின் பெயர் மாறிவிட்டது, தெரியும். பஸ் கண்டக்டர்களிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை.) மூன்றில் இரண்டுக்கு இப்போது அட்டை இல்லை, தலைப்புப் பக்கமும் இல்லை. மூன்றாவதற்கு இருக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவீர்கள். என்னுடையவையும் பல வருடம் அங்கேதான் இருந்தன.

அவற்றை உண்மையில் படித்தவர் வேறொருவர். அவர் கதையைச் சொல்கிறேன். பட்டியலைவிட அது உபயோகம்.

மரைன் ஹில்லில் எங்கள் வீட்டுக்குக் கீழ்ப் போர்ஷனில் தங்கவேல் குடியிருக்கிறார். மனைவி பிரேமா. பூர்வீகம் பரமக்குடிப் பக்கம். ஆனால் இரண்டு பேருமே இங்கே பிறந்து, இங்கே தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். தங்கவேல் கிரேன் ஆபரேட்டர். ஹேடோ துறைமுகத்துக்குப் போகும் வழியில் ஒரு தனியார் கான்ட்ராக்டரின் யார்டு இருந்தது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரும் இரும்புக் கம்பிகளை அங்கே கொண்டுவந்து இறக்குவார்கள். அங்கே பதினோரு வருடம் வேலை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு மழைநாள். தங்கவேல் கிரேனில் தூக்கிக்கொண்டிருந்த கம்பிக் கட்டு, கயிறு அறுந்து விழுந்தது. கீழே நின்ற செல்லமுத்து அந்த இடத்திலேயே போய்விட்டார். கட்டுக்குக் கயிறு போட்டு, கொக்கி மாட்டி, கையசைத்து சிக்னல் கொடுக்கிறவர் அவர். ஆறு வருடமாக தங்கவேல் மேலே, செல்லமுத்து கீழே. ஒருவர் கையைப் பார்த்துத்தான் இன்னொருவர் கையே அசையும்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. நாலு நாளில் முடிந்தது. செல்லமுத்து குடித்திருந்தார், எச்சரித்தும் கேட்காமல் பாரத்துக்கு அடியில் போனார், என்று அறிக்கை. எங்கள் தெருவுக்கே அது தெரியும். "பாவம்... ஆனா குடிச்சிட்டு வேலைக்கு வரலாமா?" என்று நானும் சொன்னேன். சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இஞ்சி வாங்கிக்கொண்டே சொன்னேன்.

அதற்குப் பிறகு தங்கவேல் வேலைக்குப் போகவில்லை. முதலில் ஒரு வாரம், பிறகு ஒரு மாதம்.

ஆரம்பத்தில் ஓய்வு என்றுதான் நினைத்தோம். பிறகுதான் கவனித்தேன், அவர் ஃபேனுக்குக் கீழே உட்காருவதில்லை. கட்டிலைச் சுவர் ஓரம் நகர்த்திவிட்டார். சாப்பாட்டுத் தட்டோடு வாசலுக்கு வந்துவிடுவார். தெருவில் நடந்தால் தென்னை மரத்தைச் சுற்றிக்கொண்டு போவார். கேஸ் சிலிண்டர்க்காரன் சிலிண்டரை 'தொம்'மென்று தரையில் வைத்த அன்று, அவரைக் குளியலறையிலிருந்து வெளியே கொண்டுவர பிரேமாவுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

எதிர்வீட்டு பெங்காலி அம்மா என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "பாகல் ஹோ கயா க்யா?" பைத்தியம் பிடித்துவிட்டதா என்று ரகசியமாகக் கேட்டால், அது அக்கறையாகிவிடுமாம். ரகசியம் தெருமுனைவரை கேட்டது.

ஆறு மாதம் ஆன பிறகு பிரேமா மாடியேறி வந்தாள்.

"அக்கா, நீங்கதான் புஸ்தகமெல்லாம் படிக்கிறவங்க. இவருக்கு ஏதாவது குடுங்களேன். சும்மாவே செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்காரு."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நமக்கு நாற்பது வயது தாண்டிய பிறகு ஒருவர் நம்மிடம் புத்தகம் கேட்டு வந்தால் நமக்கு ஏற்படும் பெருமை இருக்கிறதே... அது நேரே மூளையைப் பாதிக்கும். பூஞ்சை பிடிக்காமல் இருக்க நாள் பூராவும் பல்பு எரியும் என் அலமாரியைத் திறந்து, வைத்தியர் மாதிரி யோசித்து, மூன்று புத்தகங்களை எடுத்துக் கொடுத்தேன்.

முதல் புத்தகம் ஒரு டாக்டர் எழுதியது. ரயில் விபத்தில் பிழைத்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த அனுபவம். மொழிபெயர்ப்பு சுமார். நாலு நாளில் தங்கவேல் அதை எடுத்துக்கொண்டு மேலே வந்தார். வாசலிலேயே நின்றார். எங்கள் வீட்டிலும் ஃபேன் உண்டு.

"அக்கா, இதுல ஒரு ஆளு வர்றான். ரயில் கவுந்ததுக்கப்புறம் குக்கர் விசில் வந்தாலே கட்டிலுக்கு அடியில போயிடுறான்."

"ம்."

"அது நோய்னு எழுதியிருக்காரு டாக்டர். பைத்தியம் இல்லையாம். மருந்து இருக்காம்."

"ஆமா."

"அப்ப நீங்க ஏன்க்கா புஸ்தகம் குடுத்தீங்க? ஆஸ்பத்திரிக்குப் போடான்னு சொல்லியிருக்கலாம்ல?"

புத்தகத்தை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாளே புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். பிரேமாவோடு நானும் போனேன். மனநல டாக்டர் ஒரு மலையாளி அம்மா. தங்கவேல் அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்து, "மேடம், இந்த ஆளுதான் நான்" என்றார். டாக்டருக்குத் தமிழ் பேச வரும், எழுத்து வராது. அவரையே வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லி, முழுவதையும் கேட்டார். பிறகு, "கிதாப் அச்சா ஹை. நல்ல புஸ்தகம். ஆனா அதோட கூட டேப்லெட்டும் சாப்பிடணும், வாரா வாரம் வந்து எங்கிட்ட பேசணும். சரியா?" என்றார்.

சரி என்றார். போனார். இரண்டு மாதத்தில் ஓரளவு தூக்கம் வந்தது.

இரண்டாவது, மனநல மருத்துவமனையில் சில வருடங்கள் இருந்துவிட்டு வீடு திரும்பிய ஒரு பெண்ணின் நாட்குறிப்பு. தங்கவேல் பத்துப் பக்கம் புரட்டிவிட்டு வைத்துவிட்டார். படித்தது பிரேமா. ரேஷன் பட்டியல் தவிர வேறெதையும் படித்து அவளை நான் பார்த்ததில்லை.

"அக்கா, நான் முழுசா படிக்கல. அந்தம்மாவோட புருசன் வந்து பாக்குற எடமா தேடித் தேடிப் படிச்சேன்."

"எப்படி இருந்தது?"

"அந்தாளு ஒவ்வொரு தடவை வரும்போதும், எல்லாம் சரியாயிடும், எல்லாம் சரியாயிடும்னே சொல்றாரு. அந்தம்மாவுக்கு அதக் கேட்டாலே எரியுது." கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை முறுக்கினாள். "நானும் அதையேதான்க்கா சொல்லிட்டிருந்தேன். ஒரு நாளைக்கு இருவது தடவை."

அன்றிலிருந்து சொல்வதை நிறுத்திவிட்டாள். பதிலுக்கு என்ன சொல்வது என்று புத்தகத்தில் இல்லை போலிருக்கிறது. அதனால் சும்மா அவர் பக்கத்தில் வாசலில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

மூன்றாவது ஒரு நாவல். கல்குவாரியில் கயிறு அறுந்து ஒருவன் சாகிறான், வழக்கு நடக்கிறது, கண்ணால் பார்த்தவன் கோர்ட்டில் பொய் சொல்கிறான். எனக்கு மிகவும் பிடித்த நாவல். கயிறு அறுந்து ஆள் செத்ததைப் பார்த்தவரிடம் கயிறு அறுந்து ஆள் சாகும் நாவலைக் கொடுத்திருக்கிறேன்! டாக்டரிடம் பின்னால் சொன்னபோது, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். இனிமேல் கேட்காமல் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று நல்ல ஹிந்தியில் சொன்னார்.

அந்தப் புத்தகம் மட்டும் ஐந்து மாதமாகத் திரும்பி வரவில்லை. புத்தகம் இரவல் கொடுத்தவர்களுக்கு ஒரு குணம் உண்டு. கடன் வாங்கியவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாலும் "அந்த புக்கு முடிச்சாச்சா?" என்று வாயில் வந்துவிடும். எனக்கு இரண்டு முறை வந்தது.

ஒரு நாள் பிரேமா கொண்டுவந்து கொடுத்தாள். திறந்தால் பக்கமெல்லாம் பென்சில் எழுத்து. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில் எல்லாம் திருத்தங்கள். "கயிறு ஒரேயடியாக அறாது. ஒவ்வொரு இழையாக அறும். மேலே இருப்பவனுக்குத் தெரியும்" என்று ஒரு பக்கத்தின் ஓரத்தில். "சிக்னல் கொடுப்பவன் அந்த இடத்தில் நிற்கவே மாட்டான். எழுதினவர் விசாரிக்கவில்லை" என்று இன்னொன்றில். எழுத்தாளர்களை யாராவது இப்படிப் படித்தால் நன்றாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே புரட்டினேன்.

சாட்சி பொய் சொல்லும் அத்தியாயம் வந்தது. அங்கே கையெழுத்து மாறியது. நாவலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"செல்லமுத்து குடிக்கல. அன்னைக்கு சஷ்டி விரதம். காலையிலேருந்து டீ கூட எடுக்கல."

"கயிறு பிஞ்சிருக்குன்னு சூப்பர்வைசர்கிட்ட ரெண்டு தடவை சொன்னான். நான் கேட்டேன்."

"தூக்குன கட்டு அந்தரத்துல சுத்திக்கிச்சு. அடியில போய் நேராக்குன்னு சூப்பர்வைசர்தான் சொன்னான். செல்லமுத்து தானா போகல."

"அவன் குடிச்சிருந்தான்னு டைப் அடிச்ச பேப்பர். படிச்சுச் சொன்னாங்க. கையெழுத்துப் போட்டேன்."

அடுத்த பக்கத்தில் "கையெழுத்துப் போட்டேன்." அதற்கடுத்த பக்கத்திலும். அத்தியாயம் முடியும்வரை, அச்சடித்த வரிகளைச் சுற்றி, அந்த ஒரே வரி.

நான் என்ன செய்தேன்? புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டு, நான் வேலை பார்க்கும் அரசாங்க ஆபீசுக்குப் போனேன். இரண்டு நாள் போனேன். அந்தக் கான்ட்ராக்டரின் ஃபைல் சில நேரம் என் மேஜைக்கும் வரும். நமக்கெதற்கு வம்பு என்ற யோசனை எனக்கு வரவில்லை என்று இங்கே எழுதினால், அதுவும் ஒரு பொய்ச் சாட்சிதான்.

மூன்றாம் நாள் கீழே இறங்கிப் போனேன். தங்கவேல் வாசற்படியில் இருந்தார்.

"தங்கவேல்... புக்ல எழுதியிருக்கீங்க."

"ஆமாக்கா. பென்சில்லதான் எழுதுனேன். பேனான்னா உங்க புக்கு கெட்டுப்போயிடும்ல."

"படிச்சிட்டேன்."

"படிக்கணும்னுதான் குடுத்து அனுப்புனேன்."

எனக்கு அரசாங்க ஊழியர் புத்தி. "ஒரு மனு எழுதிடலாம். தொழிலாளர் ஆபீசுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"மனு அப்புறம்க்கா. மொதல்ல ரங்கத் போகணும். செல்லமுத்து சம்சாரம் அங்கதான் இருக்கு. அதுகிட்ட சொல்லாம வேற எவன்கிட்ட சொன்னாலும் அது கணக்கில்ல."

டாக்டரிடம் கேட்டோம். "தனியா விடாதீங்க. வழியில மூச்சு முட்டினா நான் சொல்லித்தந்த மாதிரி மூச்சு விடணும்" என்றார். விபத்து நடந்து ஒன்றரை வருடம் கழித்து, தங்கவேல், பிரேமா, நான் மூன்று பேரும் வடக்கே வேறொரு தீவில் இருக்கும் ரங்கத்துக்கு பஸ் ஏறினோம். பஸ்ஸுக்குக் கூரை உண்டு. மேலே மூட்டைகளும் உண்டு. தங்கவேல் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டே வந்தார். ஜிர்காடாங்கில், பழங்குடியினர் காட்டைப் போலீஸ் காவலோடு கடக்கும் கான்வாய்க்காக வண்டிகள் வரிசையில் நின்றபோது நூறு தடவை இறங்கி ஏறினார். மிடில் ஸ்ட்ரெயிட் என்ற நீரிணையைக் கடக்க பஸ்ஸைப் படகில் ஏற்ற வேண்டும். படகின் இரும்புப் பலகையைச் சங்கிலியில் இறக்கினார்கள். தடால்!

தங்கவேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிரேமா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைத் தன் மடியில் வைத்து, ஒன்று இரண்டு என்று மூச்சை எண்ணினாள். சரியாகிவிடும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. படகு கிளம்பத் தயாராகி ஹாரன் அடித்தது. டிரைவர் கத்தினார். அவள் எண்ணி முடித்த பிறகுதான் எழுந்தார்கள்.

செல்லமுத்துவின் மனைவி மாரியாயி. இலங்கையில் மலைத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்கு அனுப்பப்பட்ட குடும்பம். பிறகு ரங்கத்துக்கு வந்தவர்கள். மார்க்கெட்டில் காய்கறி விற்கிறார். கல்லூரியில் படிக்கும் ஒரே மகள் நிஷா. எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நல்லவேளை, அந்த வீட்டில் டேபிள் ஃபேன்.

தங்கவேல் எழுந்து நின்றே சொன்னார். கயிறு, சூப்பர்வைசர், சஷ்டி, கையெழுத்து. ஒன்றையும் குறைக்கவில்லை. "வேலை போயிடும்னு பயந்துட்டேன் தங்கச்சி" என்பதையும் சொன்னார்.

மாரியாயி அழவில்லை.

"அவரு குடிக்கலங்கிறது எனக்குத் தெரியும்ணே. இருவது வருசம் கூட இருந்தவளுக்குத் தெரியாதா? ஆனா கடையில காய் வாங்குறவ பூரா எனக்கு ஆறுதல் சொல்லிட்டுப் போறா, குடிகாரன்கிட்ட மாட்டிக்கிட்டு என்ன பாடு பட்டியோன்னு. இவ காலேஜுல குடி ஒழிப்புக் கட்டுரை எழுதச் சொன்னாங்க. உனக்கு அனுபவம் இருக்குன்னு."

நிஷா தலையைக் குனிந்துகொண்டாள்.

"தெரிஞ்சத ஏன்ணே சொல்றீங்க? தெரியாததச் சொல்லுங்க. கடைசியா என்ன பேசுனாரு?"

தங்கவேல் தடுமாறினார். பிறகு, "சாயங்காலம் கோயிலுக்குப் போகணும், சட்டையில கிரீஸ் ஆயிடுச்சேன்னு வருத்தப்பட்டான். மாத்துச் சட்டை வச்சிருக்கேன், போட்டுக்கடான்னேன். உன் சட்டை எனக்குத் தொளதொளன்னு இருக்கும்னு சொல்லி சிரிச்சான். அப்புறம் நான் மேலே ஏறுனேன், அவன் கைய தூக்கி சிக்னல் குடுத்தான். அவ்வளவுதான்" என்றார்.

மாரியாயி அதைக் கேட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து தங்கவேல், "என்னை மன்னிச்சிடு தங்கச்சி" என்றார்.

"இத வந்து சொல்ல ஒன்றரை வருசம் ஆயிருக்கு ஒங்களுக்கு. மன்னிப்பெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல எழுதிக் குடுங்க."

நிஷா கல்லூரி நோட்டில் பேனாவால் எழுதினாள். தங்கவேல் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவள் திருப்பிப் படித்துக் காட்ட, அவர் தானும் ஒரு முறை படித்த பிறகு கையெழுத்துப் போட்டார். நான்கு பக்கம். நான்கிலும்.

அதை வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறியதைச் சொன்னால் இந்தப் பத்திரிகை தாங்காது. தமிழில் இருக்கிறதே என்றார்கள். டைப் அடிக்கச் சொன்னார்கள். மூன்று காப்பி கேட்டார்கள். அந்த சூப்பர்வைசர் போன் செய்து, "தேக் லேங்கே" என்று தங்கவேலை மிரட்டினார். பார்த்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். "பாருங்க, நான் மரைன் ஹில்லதான் இருக்கேன்" என்று தங்கவேல் விலாசமே கொடுத்தார். அன்றைக்கு எக்ஸ்ட்ராவாக டாக்டரைப் பார்க்கப் போனார்.

மறுவிசாரணை நடந்தது. யார்டில் வேலை பார்த்த இன்னும் இரண்டு பேர் வாய் திறந்தார்கள். ஒருவர் திறந்தால்தான் மற்றவர்களுக்கு வாய் இருப்பது ஞாபகம் வரும் போலிருக்கிறது. இந்த வருடம் புது அறிக்கை வந்தது. குடித்திருந்தார் என்ற வரி இல்லை. கயிறு இற்றுப்போயிருந்தது, சொல்லியும் மாற்றவில்லை, சூப்பர்வைசர் சொல்லித்தான் பாரத்துக்கு அடியில் போனார் என்று இருந்தது. முதலில் பொய் வாக்குமூலம் கொடுத்ததற்காக தங்கவேலைக் கண்டித்தும் ஒரு பத்தி இருந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, "கரெக்டாதான் எழுதியிருக்காங்க" என்றார்.

அவருக்கு இனிமேல் இந்த ஊரில் எந்தக் கான்ட்ராக்டரும் கிரேன் தர மாட்டார். அவரும் ஏறமாட்டார். ஆட்டோ ஓட்டுகிறார். தலைக்கு மேலே வெறும் ரெக்ஸின்தான் என்பதில் அவருக்கு மிகுந்த திருப்தி. மாத்திரை இன்னும் உண்டு, பாதியாகக் குறைந்திருக்கிறது. போன மாதம் எங்கள் வீட்டு ஹாலுக்குள் வந்து, ஃபேனை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, காபி குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார். நானும் பிரேமாவும் அதைக் கவனிக்காத மாதிரி மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

அறிக்கையின் நகலை வாங்க மாரியாயி போர்ட் பிளேர் வந்தார். தங்கவேலின் ஆட்டோவில்தான் ஆபீசுக்குப் போனார். மன்னித்துவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. நகலை லேமினேட் செய்து எடுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த நாவலைக் காட்டினேன். பென்சில் எழுத்தை விரலால் தடவிக்கொண்டே வாசித்தார். அச்சில் இருந்ததை வாசிக்கவில்லை.

"கதையையும் படிச்சுப் பாருங்களேன். நல்லா இருக்கும். ஊருக்கு எடுத்துட்டுப் போங்க" என்றேன். டாக்டர் சொன்ன புத்தி எனக்கு எங்கே ஏறியது?

"கடைசியில தீர்ப்பு வருதா?"

"இல்லை. தீர்ப்பு சொல்றதுக்கு முன்னாடி கதை முடிஞ்சுடும். படிக்கிறவங்க யோசிக்கணும்னு விட்டிருக்காரு."

மாரியாயி புத்தகத்தை மூடி என் கையிலேயே கொடுத்தார்.

"யோசிச்சாச்சுங்க. வேணாம்."

இலக்கியக் கூட்டங்களில் நான் பலமுறை பாராட்டிப் பேசிய முடிவு அது. அவரிடம் அதைச் சொல்லவில்லை.